எம்ஏஎஸ் கூட்டினால் படத்தில் உள்ள கோடும் நிழலும் போகுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. கதிர்சிகிச்சைப் பிரிவில் டெக்னாலஜிஸ்டாகச் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. லினாக்கில் (சிகிச்சைக் கதிர் தரும் இயந்திரம்) எடுக்கும் இடுப்புப் பகுதிக் கோன் பீம் சிடி (கூம்பு வடிவக் கற்றையால் எடுக்கும் சிடி) படங்களில் நடுப்பகுதி இருட்டடித்து வருகிறது, இரண்டு தொடையெலும்புத் தலைகளுக்கும் இடையே கறுப்புப் பட்டை ஓடுகிறது, மலக்குடலைச் சுற்றிக் கீற்றுக் கீற்றாகக் கோடுகள் தெரிகின்றன. மூத்தவர் ஒருவர் "எம்ஏஎஸ்ஸைக் கூட்டு, சரியாகிவிடும்" என்கிறார்; எம்ஏஎஸ் என்பது எக்ஸ்-ரே குழாயின் மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கிய அளவு, எவ்வளவு கதிர் வெளிவரும் என்பதைத் தீர்மானிப்பது. இன்னொருவர் புது மென்பொருள் வாங்காமல் ஒன்றும் நடக்காது என்கிறார். யார் சொல்வது சரி? இதற்கு அடியில் உண்மையில் இருக்கும் கேள்வி, இந்த ஆர்டிஃபாக்ட்கள் (படத்தில் மட்டும் தோன்றும் பொய்த் தடங்கள்) எங்கே பிறக்கின்றன, பிறக்கும் இடத்திலேயே தடுக்க உங்கள் கையில் என்ன இருக்கிறது என்பதுதான். மருத்துவ இயற்பியலாளராகப் பல ஆண்டுகள் இந்தப் படங்களோடு மல்லுக்கட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் படத்தைப் பொறுத்தவரை இருவர் சொல்வதும் முதல் வேலை ஆகாது.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். படம் புள்ளிப்புள்ளியாக, மணல் தூவியதுபோலத் தெரிந்தால் அது இரைச்சல். டிடெக்டருக்கு (கதிரைப் பதிவு செய்யும் தட்டு) வந்து சேரும் ஃபோட்டான்கள் (கதிரின் துகள்கள்) போதவில்லை என்று அர்த்தம். எம்ஏஎஸ்ஸை நான்கு மடங்காக்கினால் இரைச்சல் பாதியாகும். ஆர்டிஃபாக்ட் வேறு ஜாதி. உடம்பில் இல்லாத ஒரு வடிவம், உள்ளே எதுவும் அசையாதவரை எத்தனை முறை எடுத்தாலும் கிட்டத்தட்ட அதே இடத்தில், அதே உருவத்தில் வந்து நிற்கும். சந்தேகம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரே ஃபேண்டத்தை (நோயாளிக்குப் பதில் வைக்கும் சோதனைப் பொருள்) அசைக்காமல் அடுத்தடுத்து இரண்டு முறை ஸ்கேன் செய்து, ஒரு படத்திலிருந்து இன்னொன்றைக் கழியுங்கள். கழித்த படத்தில் மணல் மட்டும் மிஞ்சும். நடு இருட்டும் வளையங்களும் காணாமல் போயிருக்கும், ஏனென்றால் இரண்டிலும் அவை ஒன்றுபோலவே இருந்தன. எம்ஏஎஸ் கூட்டினால் குறையக்கூடியது கழித்த பிறகு மிஞ்சிய அந்த மணல்தான். மற்றது அப்படியே இருக்கும், நோயாளிக்குப் போகும் டோஸ் மட்டும் ஏறும்.

கணினி இந்தப் படத்தை எப்படிக் கட்டுகிறது என்பதை மனதில் வைத்திருந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஃபெல்ட்கேம்ப், டேவிஸ், கிரெஸ் மூவரும் 1984இல் வெளியிட்ட முறையை அடியொற்றித்தான் இன்றும் பெரும்பாலான கோன் பீம் படங்கள் கட்டப்படுகின்றன. அந்தக் கணக்கு சில விஷயங்களை நம்புகிறது. டிடெக்டரில் விழும் ஒவ்வொரு ஃபோட்டானும் நேர்கோட்டில் வந்தது. கற்றையின் ஆற்றல் எங்கும் ஒன்றுதான். ஒரு சுற்று முடியும்வரை நோயாளி அசையவில்லை. குழாயும் டிடெக்டரும் எங்கே இருக்கின்றன என்பது மில்லிமீட்டர் பிசகாமல் தெரியும். உடம்பு முழுவதும் பார்வைப் பரப்புக்குள் அடங்கியிருக்கிறது. நடைமுறையில் இதில் ஒன்றுகூட முழு உண்மை இல்லை. எந்த நம்பிக்கை உடைகிறதோ அதற்கென்று ஒரு தடம் படத்தில் விழும். தடத்தைப் பார்த்து எது உடைந்தது என்று சொல்லப் பழகுவதுதான் இந்த வேலையில் பாதி.

உங்கள் படத்தின் நடு இருட்டுக்கு முதல் காரணம் சிதறல், அதாவது உடம்பில் மோதித் திசைமாறி வரும் ஃபோட்டான்கள். சாதாரண சிடியில் கற்றை மெல்லிய விசிறிபோல இருக்கும்; சிதறிய ஃபோட்டான்களில் பெரும்பகுதி டிடெக்டரைத் தொடாமலே போய்விடும். கோன் பீமில் ஒரே நேரத்தில் உடம்பின் 20 சென்டிமீட்டர் நீளம்வரை கதிர் படுகிறது, எதிரே அகலமான தட்டை டிடெக்டர் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது. இடுப்பு மாதிரிப் பருமனான இடத்தில், நேராக வந்த ஃபோட்டான்களைவிடச் சிதறி வந்தவை அதிகமாக இருப்பது சகஜம். இது படத்தை எப்படிக் கெடுக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உடம்பின் பக்கவாட்டில் 35 சென்டிமீட்டர் கடந்து வந்த ஒரு கதிரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நேராக வந்தது ஒரு பங்கு, சிதறி வந்து சேர்ந்தது இன்னொரு பங்கு என்று வைப்போம். டிடெக்டர் இரண்டு பங்கு என்று படிக்கும். கணக்கு மடக்கையில் நடப்பதால் இந்த இரட்டிப்பு 0.69 என்ற குறைவாக மாறும். இந்த ஆற்றலில் தண்ணீர் ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 0.2 உறிஞ்சுகிறது. ஆக, அந்தக் கதிர் கடந்து வந்த பாதையில் மூன்றரை சென்டிமீட்டர் தண்ணீர் இல்லவே இல்லை என்று கணினி முடிவு கட்டிவிடுகிறது. உடம்பின் ஓரமாகப் போகும் கதிரில் நேராக வருவது மிக அதிகம். அதே அளவு சிதறல் கலந்தாலும் அங்கே பாதிப்பு தெரியாது. ஓரம் சரியாக, நடு மட்டும் பள்ளமாகத் தெரிவது இதனால்தான். தொடையெலும்புத் தலைகளுக்கு இடையிலான பட்டையும் இதே கதைதான். அதோடு, குறைந்த ஆற்றல் ஃபோட்டான்களை எலும்பு முதலில் வடிகட்டிவிடுவதால் கற்றை கடினமாகும் விளைவும் அங்கே சேர்ந்துகொள்கிறது. மேலே சொன்ன கணக்கில் எம்ஏஎஸ்ஸை இரண்டு மடங்காக்கிப் பாருங்கள்: நேராக வருவதும் இரட்டிப்பு, சிதறலும் இரட்டிப்பு, விகிதம் மாறவில்லை. பள்ளமும் மாறாது.

மாற்றக்கூடியது கற்றையின் நீளம். புரோஸ்டேட் மட்டும் பார்க்க வேண்டிய நாளில் முழு நீளத்துக்கும் கதிர் விட வேண்டியதில்லை. நீளவாக்கில் கற்றையை மறைக்கும் பிளேடுகளை உள்ளே கொண்டுவந்து 20 சென்டிமீட்டரை 10 ஆக்கினால் சிதறல் சரிபாதியாகாவிட்டாலும் அதன் பக்கத்தில் வரும். கூடவே நோயாளியின் உடம்பில் கதிர் படும் நீளமும் குறைகிறது. இதற்கு ஒரு பைசா செலவில்லை. இத்தனை இருந்தும் பல இடங்களில் இயந்திரத்தோடு வந்த செட்டிங்கையே எல்லா நோயாளிகளுக்கும் வருடக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கேட்பதில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: நீங்களாக பிளேடை நகர்த்தாதீர்கள். உங்கள் இயற்பியலாளரிடம் சொல்லி அதற்கென்று தனி புரோட்டோகால் போடச் சொல்லுங்கள். ஃபேண்டத்தில் எச்.யு. எண்கள் (தண்ணீரை 0, காற்றை -1000 என்று வைத்து, ஒரு பொருள் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று சொல்பவை) எப்படி மாறுகின்றன என்று அவர் பார்த்த பிறகு பயன்படுத்துங்கள். நிணநீர் முடிச்சுகளுக்கும் சிகிச்சை நடக்கிறது என்றால் குறுக்கிய நீளம் உதவாது, முழு நீளம் வேண்டும்.

அடுத்தது போ-டை ஃபில்டர். நடுவில் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் இருக்கும் இந்த உலோகத் துண்டு, உடம்பின் ஓரத்தில் வீணாகப் பாயும் கதிரைக் குறைக்கிறது. சிதறலும் தோல் டோஸும் சேர்ந்தே குறைகின்றன. டிடெக்டருக்கு முன்னால் இருக்கும் கிரிட் சிதறலைத் தடுக்கும், ஆனால் நேராக வரும் ஃபோட்டான்களிலும் கொஞ்சத்தைத் தின்றுவிடும். ஆகவே கிரிட் போட்டால் பள்ளம் குறையும், மணல் கூடலாம். இதற்கெல்லாம் பிறகுதான் மென்பொருளின் முறை வருகிறது. சிதறலைக் கணித்துக் கழிக்கும் திருத்தங்களும், திரும்பத் திரும்பக் கணக்கிட்டுப் படம் கட்டும் முறைகளும் நன்றாகவே வேலை செய்கின்றன, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கழிக்கிற அளவு சிறியதாக இருந்தால் பிழையும் சிறியதாக இருக்கும். நேராக வந்ததைவிட மூன்று மடங்கு சிதறலைக் கழிக்கும்போது, அந்த மதிப்பீட்டில் ஏற்படும் பத்து சதவீதத் தவறு நேராக வந்ததில் முப்பது சதவீதமாகிவிடும்.

போ-டை பற்றிப் பேசும்போது ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. ஃபில்டரைக் கையால் மாட்டும் பழைய வகை இயந்திரம் ஒன்றில், ஒரு வாரமாக எல்லாப் படங்களிலும் பிறைபோல ஒரு வெளிச்சக் கீற்று. டிடெக்டர் போய்விட்டது என்றே எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். நான் போய் ஃபில்டரைக் கழற்றி மாட்டியபோது, கடைசியில் வரவேண்டிய 'க்ளிக்' சத்தம் வரவில்லை. சட்டத்தின் பள்ளத்தில் பிசிறுபோல ஒட்டியிருந்த டேப் துண்டு, ஃபில்டரை ஒரு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளி வைத்திருந்தது. நோயாளி இல்லாமல் வெறும் காற்றில் எடுத்த அளவுத்திருத்தம் ஃபில்டர் ஓரிடத்தில் இருந்தபோது எடுத்தது, நோயாளியின் படம் வேறிடத்தில் இருந்தபோது எடுத்தது. ஒன்றை இன்னொன்றால் வகுத்ததில் பிறந்தது அந்தப் பிறை. டேப்பைச் சுரண்டி எடுத்ததும் படம் தெளிந்தது. ஃபில்டர் தானாக நகர்ந்து பூட்டிக்கொள்ளும் புதிய இயந்திரங்களிலும், கேன்ட்ரி (குழாயையும் டிடெக்டரையும் தாங்கும் சட்டம்) சுற்றும்போது ஃபில்டர் இம்மியளவு ஆடினால் இதே பிறை லேசாகத் தெரியும்.

வளையங்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. சுழற்சி மையத்தைச் சுற்றி வட்டமோ வில்லோ தெரிந்தால் டிடெக்டரில் சில பிக்சல்கள் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்று பொருள். ஃபேண்டத்தை மூன்று சென்டிமீட்டர் நகர்த்தி மறுபடி எடுங்கள். ஃபேண்டம் நகர்ந்திருக்கும், வளையம் இருந்த இடத்திலேயே இருக்கும். அப்படியானால் இருட்டுப் படம் (கதிர் இல்லாமல் எடுப்பது), கெய்ன் (பிக்சல்களின் பதிலைச் சமப்படுத்துவது), பழுதான பிக்சல் பட்டியல் ஆகிய அளவுத்திருத்தங்களைப் புதுப்பித்தால் போதும். விளிம்புகள் இரட்டை இரட்டையாகவோ மசமசவென்றோ தெரிந்தால், கேன்ட்ரி சுற்றும்போது குழாயும் டிடெக்டரும் தம் எடையால் தொய்வதைத் திருத்தும் அட்டவணை பழையதாகிவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சின்ன உலோக மணி ஒன்றை மையத்தில் வைத்து எல்லாக் கோணத்திலும் படமெடுத்தால் அரைமணியில் தெரிந்துவிடும். இது வெறும் அழகுப் பிரச்சினை ஆகாது. படத்தின் மையமும் சிகிச்சைக் கற்றையின் மையமும் பொருந்துகின்றனவா என்பதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

இப்போது உங்கள் மலக்குடல் கோடுகளுக்கு வருகிறேன். சாதாரண லினாக்கில் கேன்ட்ரி ஒரு முழுச் சுற்று வர ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகிறது. அந்த ஒரு நிமிடத்தில் மலக்குடலில் உள்ள வாயுக் குமிழி இடம் மாறினால், சுற்றின் முதல் பாதியில் எடுத்த படங்கள் ஓரிடத்தில் காற்று என்கின்றன, மறுபாதிப் படங்கள் அங்கே மலம் அல்லது திசு என்கின்றன. இரண்டையும் ஒரே படத்தில் சேர்க்கப் பார்க்கும் கணினி, குமிழியின் விளிம்பிலிருந்து கறுப்பும் வெளுப்புமாகக் கோடுகளை வீசுகிறது. இதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். கட்டி முடித்த படத்தை விட்டுவிட்டு, கோணம் கோணமாக எடுத்த அந்தப் பல நூறு தனித்தனி எக்ஸ்-ரே படங்களைத் திறந்து, வரிசையாகச் சினிமாபோல ஓட்டுங்கள். பக்கவாட்டுக் கோணங்கள் வரும்போது வால் எலும்புக்கு முன்னால் கண்ணை வையுங்கள். முட்டைபோல ஒரு குமிழி இருக்கும். சில ஃபிரேம்கள் கழித்து நசுங்கும், சட்டென்று மேலே வழுக்கிப் போகும். முதன்முதலில் இதைப் பார்த்த நாளிலிருந்து, கோடு விழுந்த இடுப்புப் படம் எதுவானாலும் நான் முதலில் திறப்பது இந்த ஓட்டத்தைத்தான்.

இதற்கு மருந்து இயந்திரத்தில் இல்லை. நோயாளியை எழுப்பி, வாயுவையும் மலத்தையும் கழித்துவிட்டு வரச் சொல்லி, கொஞ்சம் பொறுத்து மறுபடி எடுப்பதுதான் வழி. அவரிடம் காரணத்தை நேராகச் சொல்லுங்கள். கூச்சத்தில் அடக்கிக்கொண்டு படுத்திருப்பவர்கள் ஏராளம்; குமிழி இருந்தால் புரோஸ்டேட்டே முன்னால் தள்ளப்படும், சிகிச்சை தவறிய இடத்தில் விழும் என்று தெரிந்தால் அவர்களாகவே ஒத்துழைப்பார்கள். இந்த இடத்தில் படத்தைக் கெடுப்பதும் சிகிச்சையைக் கெடுப்பதும் ஒரே குமிழிதான். மென்பொருளால் கோட்டை மட்டும் அழித்துவிட்டால், நமக்குக் கிடைத்த எச்சரிக்கையையும் சேர்த்து அழித்தவர்களாவோம்.

நுரையீரலில் நிலைமை வேறு. மூச்சு நான்கு விநாடிக்கு ஒன்று என்றால் ஒரு நிமிடச் சுற்றில் பதினைந்து மூச்சு. அதை நிறுத்த முடியாது. முடிந்தவர்களுக்கு மூச்சுப் பிடித்து எடுக்கலாம். மற்றவர்களின் படத்தில் கட்டி மங்கலாகத் தெரிவது ஒரு விதத்தில் உண்மையான மங்கல்தான், கட்டி சராசரியாக எங்கே நேரம் கழித்தது என்பதை அது காட்டுகிறது. மூச்சின் கட்டம் கட்டமாகப் பிரித்துப் படம் கட்டினால் கட்டி கூராகும், ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைக்கும் படங்கள் பத்தில் ஒரு பங்காகிவிடுவதால் புதுக் கோடுகள் முளைக்கும். வளைய வடிவ இயந்திரங்கள் இருபது விநாடிக்குள் சுற்றி முடித்துவிடுகின்றன. வயிற்றுக்கும் குடலுக்கும் அந்த வேகம் பெரிய வரம்.

உலோகம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் செயற்கை இடுப்பு மூட்டு உள்ளவர் சீக்கிரமே உங்கள் மேசைக்கு வருவார். உங்கள் மூத்தவரின் யோசனைக்கு ஓரளவு நியாயம் இருக்கும் இடம் இதுதான். உலோகத்தின் வழியாக ஃபோட்டான்களே வந்து சேராததால் உண்டாகும் கோடுகளில் ஒரு பகுதி எம்ஏஎஸ் கூட்டினால் குறையும். மீதிக் கோடுகள் குறையாது. உலோகத்துக்குத் திருத்தம் செய்யும் மென்பொருள்களின் வேர் 1987இல் காலெண்டரும் அவர் குழுவும் வெளியிட்ட யோசனையில் இருக்கிறது: உலோகத்தைக் கடந்த தரவை வெட்டியெடுத்துவிட்டு, பக்கத்துத் தரவை வைத்து இட்டு நிரப்புவது. நிரப்பியது அளந்தது ஆகாது. அதனால் உலோகத்தை ஒட்டியுள்ள சில மில்லிமீட்டர்களில் அந்தப் படத்தை அப்படியே நம்பக் கூடாது; திருத்திய படம், திருத்தாத படம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் உறுப்புகளை வரைய வேண்டும். இன்னொரு பொறி: வழக்கமான 12 பிட் படத்தில் எச்.யு. 3071க்கு மேல் ஏறாது. டைட்டானியத்தின் அடர்த்தி 4.5, எஃகு 8ஐ ஒட்டி வரும். ஆனால் படத்தில் இரண்டும் ஒரே எண்ணில் போய் முட்டி நிற்கும். எந்த உலோகம் என்பதை அறுவைசிகிச்சைக் குறிப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். செயற்கை இடுப்பு உள்ளவர்களுக்கான திட்டமிடலைப் பற்றி அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 63ஆம் பணிக்குழு 2003இல் விரிவாக எழுதியிருக்கிறது; முடிந்தவரை உலோகத்தின் வழியாகக் கற்றையை விடாதிருப்பது அதில் சொல்லப்பட்ட எளிய வழிகளில் ஒன்று.

சரி, இத்தனை பாடு எதற்கு என்று கேட்டால், படம் எந்த வேலைக்கு என்பதைப் பொறுத்தது. படத்தில் தெரியும் எலும்பைத் திட்டமிடல் படத்தின் எலும்போடு பொருத்திப் பார்த்து நோயாளியை நகர்த்த மட்டும் என்றால் உங்கள் நடு இருட்டு பெரிய தொல்லை ஆகாது. அதே படத்தில் டோஸ் கணக்கிட நினைத்தால் கதை மாறும். தோராயமாகச் சொன்னால், 20 எச்.யு. பிசகு என்பது 2 சதவீத அடர்த்திப் பிசகு. 10 சென்டிமீட்டர் ஆழத்தில் அது 2 மில்லிமீட்டர் தண்ணீருக்குச் சமம். 6 எம்வி (மெகாவோல்ட்) சிகிச்சைக் கற்றையில் டோஸ் ஒரு சதவீதத்துக்குள்தான் மாறும். ஆனால் திருத்தாத இடுப்புப் படத்தில் 100 எச்.யு. பள்ளம் அரிதல்ல, அது அந்த ஆழம் முழுக்க இருந்தால் டோஸ் நான்கைந்து சதவீதம் தவறும். புரோட்டான் சிகிச்சையில் வெறும் 2 சதவீதப் பிசகே 20 சென்டிமீட்டர் பாதையில் 4 மில்லிமீட்டர் தள்ளி நிறுத்திவிடும்.

ஆழ்கற்றல் மூலம் கோன் பீம் படத்தைச் சாதாரண சிடிபோல மாற்றும் மென்பொருள்கள் இப்போது வந்திருக்கின்றன. எச்.யு. எண்களை அவை வெகுவாகச் சீராக்குகின்றன என்பது உறுதி. இல்லாத திசுவை வரைந்துவிடாதா, இருக்கும் குமிழியை மறைத்துவிடாதா என்பது இன்னும் ஒவ்வொரு நோயாளியிடமும் சரிபார்க்க வேண்டிய விஷயமாகவே இருக்கிறது. பார்க்க அழகாக வந்துவிட்டது என்பதை வைத்து மட்டும் நான் எதையும் ஏற்கமாட்டேன்.

எம்ஏஎஸ் விஷயத்தில் இன்னும் ஒன்று. இடுப்புக்கு ஒரு தடவை எடுத்தால் சுமார் 1 முதல் 3 சென்டிகிரே (டோஸின் அலகான கிரேயில் நூறில் ஒரு பங்கு) போகும். 35 நாள் சிகிச்சையில் தினமும் எடுத்து, அதையும் இரட்டிப்பாக்கினால் கிரே கணக்கில் ஏறத் தொடங்கிவிடும். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 180ஆம் பணிக்குழு 2018இல் சொன்னது, படமெடுக்கும் டோஸ் சிகிச்சை டோஸில் 5 சதவீதத்தைத் தாண்டும் என்றால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது. அந்த எல்லைக்குக் கீழே இருந்தாலும், பயன் இல்லாமல் கொடுக்கும் டோஸுக்கு நியாயம் கிடையாது.

நீங்கள் அனுப்பிய, திரையைக் கைபேசியில் பிடித்த ஒரே படத்தை வைத்து நான் இவ்வளவுதான் சொல்ல முடியும். விண்டோ எப்படி வைத்திருந்தீர்கள், எந்த புரோட்டோகால், நோயாளி எவ்வளவு பருமன் என்பது அதில் இல்லை. நாளைக்கு வேலைக்குப் போனதும் முதலில் அந்த நோயாளியின் தனிப் படங்களை ஓட்டிக் குமிழியைத் தேடுங்கள். அப்புறம் உங்கள் இயற்பியலாளரோடு உட்கார்ந்து, இடுப்புப் புரோட்டோகாலில் பிளேடு எவ்வளவு திறந்திருக்கிறது, எந்த போ-டை மாட்டியிருக்கிறது, காற்றில் எடுத்த அளவுத்திருத்தம் கடைசியாக எந்தத் தேதியில் நடந்தது என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சீரான ஃபேண்டம் ஒன்றை இப்போதைய நீளத்திலும் பாதி நீளத்திலும் எடுத்து, நடுவிலும் ஓரத்திலும் எச்.யு. எவ்வளவு என்று படித்து இங்கே போடுங்கள். நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள வித்தியாசம் பாதி நீளத்தில் நன்றாகச் சுருங்கினால் சிதறல்தான் காரணம். சுருங்கவில்லை என்றால் அளவுத்திருத்தத் தேதியிலிருந்து மேற்கொண்டு பார்ப்போம்.